கோகிலாவுக்குக் கொடுக்காத ஃபைல்

என் புரோகிராமில் நானூற்றுப் பன்னிரண்டாவது வரி பத்து வருடத்துக்கு மேல் தப்பாக இருந்தது. எழுதியவன் நான். எங்கோ தப்பிருக்கிறது என்று சொன்ன ஒரே ஆளை வெளியே அனுப்பியவனும் நான்தான்.

பணி ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டேஷனல் பிசிக்ஸில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார் என்று பழைய டிபார்ட்மெண்ட்டில் கேட்டார்கள். நான் போன கான்ஃபரன்ஸ், போட்ட பேப்பர் எல்லாம் பயோடேட்டாவில் இருக்கிறது. அதைப் படித்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. பயோடேட்டாவில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

1. பச்சை டிக்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற குடும்பம் எங்களுடையது. சங்ககிரி ரோட்டில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். லேப் என்று சொன்னால் எங்கள் அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, நாலு கம்ப்யூட்டரும் ஒரு ஏசியும்தான் இருக்குது. இதுல எங்கடா பிசிக்ஸு?" என்பார். அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன்.

ஆறு அணுக்களை வரிசையாக நிறுத்தினால் எனர்ஜி எந்த அணுவில் எவ்வளவு தங்கும் என்று கணக்குப் போடுவது எங்கள் வேலை. அணு ஒன்று கூடினால் கணக்கு இரண்டு மடங்காகும். கொஞ்ச நேரத்தில் சாதாரணக் கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். அதனால்தான் குவாண்டம் கம்ப்யூட்டர். அந்த மெஷின் எங்கோ வெளிநாட்டில் இருக்கும். இங்கிருந்து இண்டர்நெட் வழியாக வேலையை அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். திரும்பி வருவது வெறும் சுழியும் ஒன்றும்தான். ஓர் அணுவுக்கு ஓர் இடம் என்று, ஆறு அணுவுக்கு ஆறு இடம். அப்படி ஆயிரக்கணக்கான வரிகள் வரும். அவற்றைப் படித்து, இந்த அணுவில் இவ்வளவு என்று சொல்வது என் புரோகிராம். பிள்ளைகள் அதை "சாரோட கோட்" என்பார்கள்.

அந்தப் புரோகிராமை நான் யாருக்கும் திறந்து காட்டியதில்லை. ஓட்டிக்கொள்ளலாம், உள்ளே பார்க்க முடியாது. எழுதிய வரிகள் உள்ள சோர்ஸ் ஃபைல் என் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும், பாஸ்வேர்டு போட்டு. இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். முன்பு ஒரு மாணவர் என் கோடை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய், என் பெயரே இல்லாமல் பேப்பர் போட்டுவிட்டார். அந்த எரிச்சல் எனக்குக் கடைசி வரை போகவில்லை. அவர் செய்ததற்கு அடுத்து வந்தவர்கள் எல்லோரையும் திருடனாகப் பார்த்தேன்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரு சடங்கு உண்டு. ஒரே மாதிரியான ஆறு அணு வரிசையை என் புரோகிராமில் ஓட்டி ரிசல்ட்டைக் கொண்டுவர வேண்டும். புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகும். நான் நோட்டில் பச்சை மையில் டிக் போடுவேன். அதோடு அந்தப் புரோகிராமை யாரும் சந்தேகப்படக் கூடாது. எழுதாத சட்டம்.

கோகிலா சேர்ந்த அன்றைக்கே அந்தச் சட்டத்தில் கை வைத்தார். எடப்பாடிக்காரர். வீட்டில் விசைத்தறி. சேலத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு என்னிடம் பிஎச்டிக்கு வந்தவர். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். நோட்டை நீட்டினார், டிக் போட்டேன். போகாமல் நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதை வெச்சே ஏனுங்க டெஸ்ட் பண்றோம்? ரெண்டு பக்கமும் ஒரே கரை போட்ட சேலையைத் திருப்பிப் போட்டாலும் தெரியாதுங்களே."

"பிசிக்ஸ் படிக்க வந்தியா, சேலை விக்க வந்தியா?" என்றேன். லேபில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கோகிலாவும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நல்ல கேள்வி அது. இருபத்தெட்டு வருடத்தில் அந்த டெஸ்டைப் பற்றி என்னிடம் வந்த ஒரே கேள்வியும் அதுதான்.

2. நாய்ஸ்

எங்கள் துறையில் நாய்ஸ் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இன்றைய குவாண்டம் மெஷின்கள் ரொம்பத் தொட்டாற்சிணுங்கிகள். கொஞ்சம் சூடு ஏறினாலும் சுழி ஒன்றாகிவிடும், ஒன்று சுழியாகிவிடும். அதுதான் நாய்ஸ். உண்மையான தொந்தரவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அது வசதியாகவும் போய்விட்டது. பிடித்த ரிசல்ட் வந்தால் பிசிக்ஸ், பிடிக்காதது வந்தால் நாய்ஸ். இதை நான் கிளாஸிலேயே ஜோக்காகச் சொல்வேன். செய்வதும் அதையேதான் என்று உறைக்கவில்லை.

மூன்றாவது வருடம் கோகிலா சொந்தமாக ஒன்று தொடங்கினார். ஆறில் கடைசி அணுவை மட்டும் வேறு வகையாக மாற்றினார். அப்படி மாற்றினால் எனர்ஜி அந்தக் கடைசி அணுவின் பக்கம் சேர வேண்டும். பேப்பரில் போட்ட கணக்கு அப்படித்தான் சொன்னது. மெஷினில் ஓட்டி, என் புரோகிராமில் படித்தால், முதல் அணுவின் பக்கம் சேர்ந்திருந்தது. நேர் எதிர்.

"நாய்ஸ்" என்றேன், கிராஃபை முழுசாகக்கூடப் பார்க்காமல்.

"நாய்ஸ்னா தடவைக்கு ஒரு மாதிரி வரோணுமுங்க சார். பதினோரு தடவை ஓட்டிட்டனுங்க. பதினோரு தடவையும் அதே பக்கந்தான் வருதுங்க."

"பன்னெண்டாவது தடவை ஓட்டு."

ஓட்டினார். அதே பக்கம். மறுபடி வந்து நின்றார்.

"எங்க ஊட்ல ஆறு தறி ஓடுதுங்க சார். அந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கறவங்க பேசறது கேக்காது. ஆனா ஒரு தறியில நூல் அந்துபோச்சுன்னா எங்கம்மா அடுப்படியில இருந்தே சொல்லிருவாங்க. சத்தத்துக்குள்ளயும் ஒண்ணு வேறயா இருந்தாத் தெரியுமுங்க. இது நாய்ஸ் இல்லீங்க சார்."

"சரி, அப்ப என்னன்னு நீயே சொல்லு."

"மூணு இடத்துலதானுங்க தப்பிருக்கோணும். மெஷின்ல, நான் போட்ட கணக்குல, இல்லீன்னா நம்ம புரோகிராம்ல. வேற மெஷின்லயும் ஓட்டிப் பாத்துட்டனுங்க, அதேதான். என்ற கணக்கை மூணு அணுவுக்குக் கையிலயே போட்டுப் பாத்துட்டனுங்க, சரியா இருக்குது. மிச்சம் ஒண்ணுதானுங்க சார். சோர்ஸ் ஃபைலை ரெண்டு நாளைக்குக் குடுங்க. பாத்துட்டுத் திருப்பித் தாரேன்."

இதை வாசிக்கிற பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தப் பதிலைக் காட்டலாம். அவ்வளவு சுத்தமான யோசனை. எனக்கு அன்றைக்கு அதில் ஒன்றுமே கேட்கவில்லை. சோர்ஸ் ஃபைல் என்ற வார்த்தை மட்டும் கேட்டது. சுருக்கென்றது.

"இந்தக் கோடை வெச்சு ரெண்டு பேரு தீசிஸ் முடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்குத் தெரியாத தப்பு உனக்குத் தெரிஞ்சுபோச்சா? இங்க பாரு கோகிலா, சோர்ஸைப் பத்தி இனிமே எங்கிட்டப் பேசாதே."

"சரிங்க சார்" என்றார். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

3. டி.சி. மீட்டிங்

டாக்டரல் கமிட்டி கூட்டத்தை நாங்கள் டி.சி. என்போம். மாணவர் செய்த வேலையை வருடா வருடம் நான்கு பேர் உட்கார்ந்து கேட்டு, மேலே போகலாமா வேண்டாமா என்று சொல்கிற கூட்டம். கோகிலாவுக்கு அது கடைசி டி.சி. அதில் தேறினால் தீசிஸ் எழுதிவிடலாம். ஏற்கெனவே நாட்கள் ஓடிவிட்டிருந்தன. பிரசவத்துக்காக நடுவில் பல மாதம் விட்டுப்போயிருந்தது. யுனிவர்சிட்டி கொடுத்த காலக்கெடு முடிய நாலு மாதம்தான் பாக்கி.

அதற்கு முந்தின நாள் மதியம் என் ரூம் வாசலில் கோகிலா வந்து நின்றார். கையில் ஒரு பேப்பர். நான் போனில் யாரிடமோ எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு ஏதோ கேட்டேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டார். மறுநாளை நினைத்துப் பயம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கூட்டத்தில் நன்றாகவே பேசினார். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர், தங்கமான மனுஷன், கடைசி கிராஃபை மட்டும் திரும்பப் போடச் சொன்னார்.

"ஏம்மா, எனர்ஜி அந்தக் கடைசியில இல்ல வரணும்? இங்க ஏன் இருக்கு?"

கோகிலா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இதை இன்னும் சரிபார்க்கிறோம் சார், எங்கள் புரோகிராமையும் சேர்த்துப் பார்க்கிறோம் சார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"மெஷின் நாய்ஸ் சார் அது" என்றேன். "நான் அப்பவே சொல்லிட்டேன். நாய்ஸையும் பிசிக்ஸையும் பிரிச்சுப் பாக்குற அனுபவம் இவங்களுக்கு இன்னும் வரல."

கமிட்டியில் ஒருவர் சிரித்தார். அந்தச் சாப்டரை மாற்றி எழுதி வரட்டும் என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கோகிலா லேப்டாப்பை மூடி, வயரைச் சுற்றி, பையில் வைத்தார். நானும் சாப்பிடப் போனேன். எனக்குப் பசித்தது.

4. ஒரு கையெழுத்து

காலக்கெடுவை நீட்டிக்க வேண்டும் என்றால் கைடு ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கோகிலா கடிதத்தை டைப் செய்தே கொண்டுவந்திருந்தார்.

"போடறேன். முதல்ல அந்தச் சாப்டரை மாத்தி எழுது. கடைசி அணு ரிசல்ட் மெஷின் நாய்ஸால வந்ததுன்னு ஒரு பாரா எழுதிக் கொண்டா. அரை மணி நேர வேலை."



"அப்படி எழுத முடியாதுங்க சார்."

"ஏன்?"

"நாய்ஸ் இல்லீங்களே அது."

எனக்கு வந்ததே கோபம். கடிதத்தை மேஜை மேலேயே தள்ளிவைத்தேன். "அப்ப உன் இஷ்டம். எழுதினா வா, போட்டுத் தாரேன்" என்றேன். இரண்டு வாரத்தில் வந்துவிடுவார் என்று உறுதியாக நம்பினேன். எல்லோரும் வருவார்கள். ஐந்து வருட உழைப்பை ஒரு பாராவுக்காக யார் விடுவார்கள்?

அவர் வரவில்லை. தேதி போய்விட்டது. ரெஜிஸ்ட்ரேஷன் ரத்தாகிவிட்டது என்று யுனிவர்சிட்டியிலிருந்து எனக்கு ஒரு நகல் வந்தது. ஃபைலில் போட்டுவைத்தேன். பிடிவாதக்காரி என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். ஆமாங்க சார், இந்தக் காலத்துப் பிள்ளைங்க என்று பக்கத்தில் இருந்தவர் ஒத்துப் பாடினார். அந்தக் கடிதம் ரொம்ப நாள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. எதற்கு எடுக்காமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

5. நானூற்றுப் பன்னிரண்டு

நாலு வருடம் போயிற்று. ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு பேப்பர் அனுப்பினேன். இப்போதெல்லாம் ஜர்னல்காரர்கள் புரோகிராமையும் கூடவே கேட்கிறார்கள். வேறு வழியில்லாமல், ஊர் பார்ப்பதற்கு முன் கொஞ்சம் துடைத்து வைப்போம் என்று சோர்ஸ் ஃபைலைத் திறந்தேன். பேப்பரைப் பார்த்த ரெஃப்ரி ஒரு டெஸ்ட்டும் கேட்டிருந்தார். வரிசையில் ஒரு முனை மட்டும் வேறாக இருந்தால் உங்கள் புரோகிராம் என்ன சொல்லும், காட்டுங்கள் என்று.

ஓட்டினேன். எதிர்ப்பக்கம் வந்தது. பழக்க தோஷம், நாய்ஸ் என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அன்று நான் ஓட்டியது மெஷினில் இல்லை, அந்த மெஷின் மாதிரியே சாதாரணக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டுகிற, நாய்ஸே இல்லாத சிமுலேட்டரில்.

வரி வரியாகப் போனேன். நானூற்றுப் பன்னிரண்டில் நின்றேன். வருகிற சுழி-ஒன்று வரியில் இடது கோடியில் இருப்பதை முதல் அணு என்று எடுத்திருந்தேன். என் பழைய கம்ப்யூட்டர் கணக்குக்கு அது சரி. அந்த குவாண்டம் மெஷினோ முதல் அணுவை வலது கோடியில் எழுதும். சிமுலேட்டரும் அதே முறைதான். மெஷினுக்கு மாறியபோது நான் அந்த வரியை மாற்றவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற வரிசையில் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். பச்சை டிக் போட்டதெல்லாம் அந்த மாதிரி வரிசைகளுக்கே. முந்தைய இரண்டு தீசிஸும் அப்படித்தான், அதனால் தப்பித்தன.

சர்வரில் கோகிலாவின் பழைய ஃபைல்கள் அப்படியே இருந்தன. பன்னிரண்டு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, பெயர் போட்டு, அத்தனை ஒழுங்காக. ஒரு வரியைத் திருத்தி அந்தப் பன்னிரண்டையும் ஓட்டினேன். எனர்ஜி கடைசி அணுவில் போய் உட்கார்ந்தது. கோகிலா பேப்பரில் போட்ட கணக்கும் மெஷின் சொன்னதும் ஒன்றாக இருந்தன. திருத்த எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கேட்டது இரண்டு நாள்.

யுனிவர்சிட்டிக்கு நேரில் போனேன். என் தப்பு என்று எழுதியே கொடுத்தேன். செக்‌ஷனில் இருந்த அம்மா பொறுமையாகப் படித்துவிட்டு, "ரத்தானது ரத்தானதுதான் சார். மறுபடி என்ட்ரன்ஸ் எழுதி, புதுசா ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லுங்க. பழைய வருஷத்தை எல்லாம் கணக்குல எடுக்க மாட்டாங்க" என்றார். யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். யாரும் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

6. டிசைன் சென்டர்

எடப்பாடியில் கோகிலா சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் ஒரு சென்டர் நடத்துகிறார். இரண்டு கம்ப்யூட்டர். பூவும் கரையும் எந்த இடத்தில் வர வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுத்தால் தறியில் அப்படியே விழும். நான் போனபோது ஸ்கிரீனில் ஒரு சேலை இருந்தது.

"வாங்க சார். உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?" என்றார். நாலு வருடத்துக்கு முன் லேபில் கேட்ட அதே குரல்.

டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். இல்லையென்றால் தைரியம் போய்விடும். என் புரோகிராமில்தான் தப்பு, உன் ரிசல்ட் சரி, நாய்ஸ் இல்லை, எல்லாம். மன்னிச்சுக்கோம்மா என்றும் சொன்னேன்.

அவர் கண் கலங்கும் என்றோ, என்மேல் பாய்வார் என்றோ நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எத்தனாவது வரியிலீங்க சார் இருந்துது?"

"நானூத்திப் பன்னெண்டு."

"இடமும் வலமும் மாறியிருந்துதுங்களா?"

நான் இன்னும் அதைச் சொல்லியிருக்கவில்லை. "உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"டி.சி.க்கு முந்தின நாளே தெரியுமுங்க. மெஷின்ல இருந்து வந்த வரி ஒவ்வொண்ணையும் கடைசியில இருந்து திருப்பிப் போட்டு, அதை உங்க புரோகிராமுக்குக் குடுத்துப் பாத்தனுங்க. சரியா வந்துருச்சு. பிரிண்ட் எடுத்துக்கிட்டு உங்க ரூமுக்கு வந்தனுங்களே."

அந்தப் பேப்பர். வாசலில் நின்றபோது கையில் இருந்த பேப்பர்.

"வந்தியே, ஏம்மா சொல்லல?"

"போனை வெச்சதும் 'என்ன, மறுபடியும் சோர்ஸா?'ன்னு கேட்டீங்க சார். இல்லீங்கன்னு வந்துட்டனுங்க. சொல்லியிருந்தா, நான் எப்படியோ திறந்து பாத்துட்டேன்னு நெனச்சிருப்பீங்க. திருடின்னு பேரு வாங்கறதுக்கு, படிப்பு வராதுன்னு பேரு வாங்கிக்கலாமுன்னு தோணுச்சுங்க."

நான் அப்படிக் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. அவர் சொன்னதும் சரிதான். அன்று அந்தப் பேப்பரை நீட்டியிருந்தால் நான் கேட்டிருக்கும் முதல் கேள்வி, "பாஸ்வேர்டு யார் குடுத்தா?" என்பதாகவே இருந்திருக்கும். என்னை எனக்குத் தெரியும்.

டீ ஆறிப்போனது. மறுபடி ரெஜிஸ்டர் பண்ணிக்கொள்கிறாயா, என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றேன். பையன் ஸ்கூல் போகிறான், சென்டரில் இரண்டு பேர் என்னை நம்பி இருக்கிறார்கள், இனிமே எங்கங்க சார் என்றார். அப்படியானால் ஜர்னலுக்குத் திருத்தி அனுப்பும் பேப்பரில் உன் ரிசல்ட்டைச் சேர்த்து, உன் பெயரையும் போடுகிறேன் என்றேன்.

"போடுங்க சார். ஆனா கடைசியில நன்றின்னு போட்டு எழுதறீங்களே, அங்க வேண்டாமுங்க. மேல போடுங்க. உங்க பேருக்கு முன்னால."

போட்டேன். போன மாதம் பேப்பர் வெளியானது.

புதுப் பிள்ளைகளுக்கு: சோர்ஸ் ஃபைலை இப்போது எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறோம், பாஸ்வேர்டு இல்லை. முதல் நாள் டெஸ்ட், ஒரு முனை வேறாக இருக்கிற வரிசையில்தான். இந்த இரண்டையும் யார் வேண்டுமானாலும் ஒரே நாளில் செய்துவிடலாம். சந்தேகத்தோடு ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்றால், நிமிர்ந்து பார்த்து "என்னம்மா?" என்று கேட்பதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியும் வரவில்லை. அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

வெளியான பேப்பரைக் கோகிலாவுக்கு அனுப்பினேன். ஏதாவது இரண்டு நல்ல வார்த்தை வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பதில் வந்தது. "பார்த்தேன் சார். மூணாவது படத்துல ரெண்டாவது அணுவும் மூணாவது அணுவும் நம்பர் மாறியிருக்குங்க."

இந்த முறை எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் படத்தைத் திறந்து பார்த்தேன். மாறித்தான் இருந்தது.